அன்னெலியின் நீச்சல் நேரம்

வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக்குப் போகலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று அந்த ஸ்வீடன் நகராட்சி அலுவலகம் தாராள மனதோடு அறிவித்திருந்தது. அந்த நேரத்து வேலையை யார் பார்ப்பது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. அதனால் அநேகமாக ஒருவரும் போவதில்லை.

கட்டட அனுமதிப் பிரிவில் அன்னெலி ஒருத்திதான் பிடிவாதமாக நீச்சல் குளத்துக்குப் போய்வந்தாள். நீந்துவதை விட்டால் முதுகு மரக்கட்டையாகிவிடும் என்று மருத்துவர் மிரட்டியிருந்தார். இலையுதிர்காலத்தில் விண்ணப்பங்கள் தலைக்கு மேல் குவிந்ததில் அதுவும் நின்றது. இப்போதெல்லாம் காலுறை மாட்டுவதற்குள் உயிர் போய் வருகிறது. இன்று எப்படியும் நீந்தியே தீருவது என்று பையோடு வந்திருந்தாள்.

கிளம்பும்போது பிரிவுத் தலைவன் யோஆகிம் வழிமறித்தான்.

"எங்க கிளம்பிட்ட? எல்லாரும் கூட்ட அறைக்கு வாங்க. டென்ஷன் வந்தா ஆளுங்க ஏன் உடம்பை அசைக்கறதில்லன்னு பேச ஒருத்தரை வரவழைச்சிருக்கேன்."

"உடம்பை அசைக்கிற நேரத்துலயா?"

"பின்ன? மத்த நேரமெல்லாம் வேலை இருக்கே!"

பக்கத்து மேசை ஸ்டுரே கண்ணடித்தான். "ஏலக்காய் பன் இருக்காம், வா. தின்னுக்கிட்டே ஓட்டத்தைப் பத்திக் கேட்கலாம்."

கவலை மிகுந்த நாளில் மனிதன் நாற்காலியை விட்டு எழ மாட்டான் என்றார் பேச வந்தவர். நாற்காலியில் சாய்ந்திருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அன்னெலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க கேளுங்க. நான் நீந்தப் போறேன்," என்று எழுந்து போய்விட்டாள்.

குளத்தின் உடைமாற்றும் அறையில் நீச்சலுடையை மாட்டியபோது கைப்பேசி அதிர்ந்தது. யோஆகிம்தான், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே. 'அந்தப் பாலர் பள்ளி அனுமதி எந்த நிலையில் இருக்கிறது? அவசரமில்லை.'

அவசரமில்லையாம்! ஒரு வரி பதில் போட்டுவிடலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். பதிலுக்கு ஒரு கேள்வி, அதற்கொரு விளக்கம். சுவருக்கு அப்பால் கிழவர்கள் சிரித்தபடி நீந்திக்கொண்டிருந்தார்கள். யாரும் இவளைக் கட்டிப்போடவில்லை. கைப்பேசியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் முடிந்தது. அவள் பூட்டவில்லை. நிமிர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது.

தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யோஆகிமை எவ்வளவு இளக்காரமாகப் பார்த்துவிட்டு வந்தாள்! எழுந்து போய்க் குளியல் குழாயின் கீழ் தலையை மட்டும் நீட்டி நனைத்துக்கொண்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியவளின் ஈரத் தலையைப் பார்த்ததும் யோஆகிம் கைதட்டினான். "பாருங்க, முகமே எப்படித் தெளிஞ்சிருக்கு! மனசு வெச்சா முடியும்!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"தண்ணி எப்படி?" என்றான் ஸ்டுரே.

"நல்லா இருந்துச்சு."

மேசையிலிருந்து பேனா உருண்டு விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் பாதியிலேயே நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், காலால் அதை மேசைக்கடியில் தள்ளிவிட்டாள்.