முதலில் ஏறுபவள்

இடது பக்கம் மட்டும் திரும்பிவிடாதே. யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்து திரும்பு. கழுத்தைத் தனியாக அனுப்பாதே.

தனக்குத்தானே சொல்லிவைத்திருந்த இதை மறந்துதான் காலையில் படுக்கையில் புரண்டாள். உடனே சுவர் கழன்றுகொண்டு ஓடத் தொடங்கியது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்து, கதவுத் தாழ்ப்பாளையே பார்த்தபடி எண்ணினாள். நாற்பதில் நின்றது.

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகிற போக்கில் உள்காதைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. "வரும், போகும். உயரத்துல மட்டும் நிக்காதீங்க" என்றார் டாக்டர். அவளுடைய பிழைப்பே உயரத்தில்தான். நடுவில் பன்னிரண்டு நாள் தலைசுற்றல் எட்டிப் பார்க்கவில்லை. சரியாகிவிட்டது என்று அண்ணனிடம் சொல்லி வேலைக்குத் திரும்பினாள்.

அண்ணன் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கும் கான்ட்ராக்டர். சாரம் கட்டி முடித்ததும் முதல் ஆளாக அவள்தான் உச்சிவரை ஏறுவாள். தட்டுத் தட்டாகப் பலகையை மிதித்து, குழாய்களை இணைக்கும் கிளாம்புகளை உலுக்கிப் பார்த்து, மேலிருந்து "வரலாம்" என்று குரல் கொடுப்பாள். பதினோரு வருடமாக, அந்தச் சொல் விழாமல் ஒருவனும் கால் வைத்ததில்லை.

நேற்று மூன்றாவது தட்டிலேயே பாதம் பஞ்சில் பதிவதுபோல் ஆகிவிட்டது. இன்னும் மூன்று தட்டு மிச்சம். அங்கேயே குழாயைக் கட்டிக்கொண்டு "வரலாம்" என்றாள். அவள் எந்தத் தட்டில் நிற்கிறாள் என்பதைக் கீழே நின்றவர்களுக்குப் பலகை மறைத்தது.

சாயங்காலம் பூச்சு அடிப்பவர்களில் ஒருவனான நெட்டையன் இறங்கி வந்து, "உச்சில ஒரு கிளாம்ப் லூசாக் கிடந்துச்சு, நானே முறுக்கிட்டேன். உங்க கழுகுக் கண்ணுக்கே தப்பிடுச்சேக்கா" என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசந்துகொண்டிருந்தது.

இன்று தெற்குச் சுவர். சாரம் தயார். ஐந்து பேர் பிரஷ்ஷும் வாளியுமாக நின்றார்கள்.

"ஏறும்மா" என்றான் அண்ணன். "மத்தியானம் மழை வரும்கிறாங்க."

ஏணியின் முதல் படியில் கால் வைத்து அண்ணாந்து பார்த்தாள். குழாய்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இடப்பக்கம் வழுக்கின. கண்ணை மூடினால் இன்னும் மோசம். எதிரே கிளாம்பில் ஒரு துருப்பிடித்த மரை. அதையே பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது.

அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மறுபடியுமா?"

"ம்."

"சரி, நீ ஏற வேணாம். கீழயே நாலு கிளாம்பை உலுக்கிட்டு வரலாம்னு சொல்லிடு. அவனுங்க ஏறுறது உன் சொல்லுக்கு, உன் காலுக்கா?"

"நெட்டையனை ஏறிப் பாக்கச் சொல்லேன்."

"இன்னைக்கு அவன் பாத்தா நாளைக்கும் அவன்தான் பாப்பான். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை? வீட்ல உக்காரப் போறியா? உனக்காகத்தாம்மா சொல்றேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. சின்ன வயதில் அவள் கண்ணாடியை உடைத்தபோதும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவன் இவன்தான்.

"அக்கா, வெயில் ஏறிடுச்சு, நாங்கதான் இன்னும் ஏறலை" என்றான் நெட்டையன் பின்னாலிருந்து. மற்றவர்கள் சிரித்தார்கள்.

கழுத்தும் தோளும் இடுப்பும் ஒன்றாக, மெல்லத் திரும்பினாள். ஐந்து முகங்கள். ஒருவன் செருப்பைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டான். ஒரே ஒரு சொல். அது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. நேற்று அது எவ்வளவு சுலபமாக விழுந்தது.

"சொல்லிடும்மா" என்றான் அண்ணன்.

"மாட்டேண்ணா."

அவனுக்கு மட்டும்தான் கேட்டது. ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு மெதுவாக உடம்பைத் தாழ்த்தி, யாரும் தாண்டிப் போக முடியாதபடி, முதல் படியிலேயே உட்கார்ந்தாள்.