மாற்றிக்கொண்ட கூடு

தம்பி கத்சுமியின் குளவிக்கூடு பூசணிக்காய் அளவுக்குப் பருத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து ஷிகெயோஷிக்குச் சோறு இறங்கவில்லை.

கோடையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் தேடப் போனார்கள். கணவாய் மீன் துண்டில் அடையாளத்துக்கு வெள்ளை நூல் கட்டி, அதைத் தூக்கிப் பறந்த கருங்குளவியின் பின்னால் விழுந்தடித்து ஓடி, மண்ணுக்குள் இருந்த இரண்டு கூடுகளைத் தோண்டினார்கள். மூத்தவர் என்ற உரிமையில் பெரியதை ஷிகெயோஷி எடுத்துக்கொண்டார். குளவிப்புழுவைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிற ஊர் அது; ஆளுக்கொரு பெட்டியில் வைத்து வளர்த்தார்கள். இலையுதிர்காலத் திருவிழாவில் எந்தக் கூடு கனமோ அதற்குக் கோப்பை. முன்பெல்லாம் அந்தக் கோப்பை ஷிகெயோஷி வீட்டில்தான் இருக்கும். இப்போது சில வருடங்களாகக் கத்சுமி வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவர் கண்ணை உறுத்துகிறது.

அப்பா பிரித்துக் கொடுத்த மலையில் தன் பங்கை ஷிகெயோஷி சோலார் கம்பெனிக்கு விற்றிருந்தார். வீட்டுக்குப் பின்னால் கோவணத்துணி அளவுக்குத்தான் மரங்கள் மிச்சம். அதைச் சுற்றி நாலா பக்கமும் கண்ணாடித் தகடுகள். காடு போனால் என்ன, தினமும் கோழி ஈரல் போடுகிறோமே என்று இருந்தார். கூடு மட்டும் வளரவில்லை.

"அந்த ஈரல எனக்கு வறுத்துப் போட்டிருந்தா நானாவது பெருத்திருப்பேன்" என்றாள் மனைவி ஃபுசாயே.

"நீ சும்மா இரு. அவன் எதையோ கலந்து போடுறான்."

அதைக் கண்டுபிடிக்க மலைக்கு அந்தப் பக்கம் போய், பட்டப்பகலில் தம்பி வீட்டுப் புதரில் பதுங்கினார். கத்சுமி போட்டதும் அதே ஈரல்தான், அதுவும் கொஞ்சூண்டு. குளவிகள் அதைச் சீண்டக்கூட இல்லை. வீட்டை ஒட்டி மேலே மேலே ஏறிப்போன காட்டுக்குள் நுழைந்து, ஒன்று சிலந்தியோடும் ஒன்று பச்சைப் புழுவோடும் ஒன்று ஈயோடும் திரும்பிக்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார். ஆனால் வயிறு எரிகிறவனுக்குப் பார்ப்பது எங்கே மண்டையில் ஏறும்? கூடுதான் ராசியான கூடு, நாம்தான் அன்றைக்கு ஏமாந்தோம் என்று முடிவுகட்டினார்.

"என்னண்ணா, புதருக்குள்ள எதத் தொலைச்ச?"

கத்சுமி பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஷிகெயோஷி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கூட்ட மாத்திக்கலாம்டா."

"பெருசு வேணும்னு நீதானே எடுத்துட்டுப் போன?"

"இப்ப உன்னுதுதானே பெருசு."

கத்சுமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எடுத்துக்கோ. சின்ன வயசுல என் கிண்ணத்து முட்டையையும் இப்படித்தான் புடுங்குவ."

பொழுது சாய்ந்து குளவிகள் அடைந்த பிறகு பெட்டிகளை அப்படியே தூக்கி மாற்றிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் ஷிகெயோஷிக்கு வாயெல்லாம் பல். அப்புறம் கவனித்தார். குளவிகள் தகடுகளின் ஓரம் வரை போய், வெறும் வாயோடு திரும்பின. மிச்சமிருந்த மரங்களில் புழுவும் இல்லை, சிலந்தியும் இல்லை. ஈரலை இரண்டு மடங்காக்கினார். பெட்டி வாசலில் செத்த குளவிகள்தான் குவிந்தன.

திருவிழாவில் அவர் கூட்டைத் தராசில் வைத்தபோது முள் சோம்பேறித்தனமாக நகர்ந்து நின்றது. அடுத்த பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கூட்டுக்கு அது துள்ளி ஓடியது. தராசுக்காரர் அந்தப் பெட்டியில் சூடுபோட்டிருந்த பெயரைப் படித்து, ஒலிபெருக்கியில் உரக்கச் சொன்னார்: "முதல் பரிசு, ஷிகெயோஷி."

எல்லாரும் கைதட்டினார்கள். ஷிகெயோஷி மேடைப்படி வரை போய்விட்டார். திரும்பிப் பார்த்தால், கத்சுமியும் கைதட்டிக்கொண்டிருந்தான். மனசாரத் தட்டிக்கொண்டிருந்தான். தோற்றிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

"பெட்டிதாங்க என்னுது. கூடு அவன் வளத்தது" என்றார், தரையைப் பார்த்து.

கத்சுமி கோப்பையை வாங்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் குளவிப்புழுச் சோற்றில் பாதியை அவர் கிண்ணத்தில் தள்ளினான்.

"அடுத்த வருஷம் காட்டையும் மாத்திக்கலாமா அண்ணா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஷிகெயோஷிக்கோ சரி என்று சொல்லத்தான் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பதிலுக்குக் கொடுக்க அவரிடம் காடு ஏது?