இந்தத் தடவை யாரும் சாகவில்லை

குழாய்க்காரர் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. வாயை மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கு அவருடைய கடிதம் மெயிலில் போகும். எந்தக் குழாய் எத்தனை மாதம் தாங்கும், நல்ல வாஷரை மாற்றச் சொல்லி ரிப்பேர்க்காரன் எப்படித் தலையில் மிளகாய் அரைப்பான், எல்லாம் அதில் இருக்கும். காசு கிடையாது. திட்டும் இலவசம்.

கோடு போட்ட நோட்டில் அவர் எழுதுவார். மகள் டைப் அடிப்பாள். அனுப்புகிற பட்டனை அவள் அமுக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அதோடு விடமாட்டார். சமையலறைக்குப் போய், மனைவியின் போனில் கடிதம் வந்து விழுந்ததா என்றும் பார்ப்பார். கம்ப்யூட்டர் 'அனுப்பியாச்சு' என்று சொன்னால் நம்பிவிடுவதா? 'சரி பண்ணியாச்சு' என்று சொல்லிவிட்டுப் போனவன் விட்ட ஒழுகலை நாற்பது வருஷம் துடைத்தவர் அவர்.

மூன்று வருஷத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை. இந்தப் புதன்கிழமை நோட்டைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பேனா மூடியைக் கடித்தார். அப்போதும் வரவில்லை. தொட்டி நிரம்பி வழிவதைப் பற்றியே நாலு தடவை எழுதியாகிவிட்டது. சமையலறைக் குழாய் மட்டும் டொக், டொக் என்று சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்த மூடி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் மனைவி. "வரலைன்னா விடுங்க. ஒரு மாசம் சும்மா கெடங்க."

"எப்படிடி விடறது? மொதல் கடிதத்துல என்ன எழுதினேன்? சொன்ன நாள்ல வராதவன் களவாணி, அவனுக்குக் கதவைத் தெறக்காதேன்னு எழுதினேன்ல?"

"அப்படி எழுதச் சொல்லி யாரு அழுதா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் காலி வாளியோடு வரிசையில் நிற்பது போலவும், தான் பின்வாசல் வழியாக நழுவுவது போலவும் அவருக்கு இருந்தது.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த மகள் விஷயத்தைக் கேட்டாள். "லீவு லெட்டர் போடுங்கப்பா. எல்லாரும் போடறாங்க."

"பித்தலாட்டக்காரன் போடறதும்மா அது!"

அவருக்குத் தெரியாதா? வேலை பார்த்த காலத்தில், கூப்பிட்ட வீட்டுக்குப் போக முடியாத நாளில், இருந்த ஒரே அத்தையை மூன்று தடவை சாகடித்தவர். மூன்றாவது தடவை துக்கம் விசாரிக்க வந்தவருக்கு அத்தையே கதவைத் திறந்தாள்.

ஆனாலும் வேறு வழியில்லை. உட்கார்ந்து எழுதினார். முட்டி வலி என்று எழுதிப் படித்துக் காட்டினார்.

"அந்த முட்டியோடதானே நேத்து மாடிக்கு ரெண்டு தடவை ஓடினீங்க?" என்றாள் மனைவி.

அதை அடித்துவிட்டு, 'நெருங்கிய உறவினர் ஒருவர்' என்று ஆரம்பித்தார். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தை தீர்ந்துபோச்சு. இனிமே யாரைக் கொல்றதா உத்தேசம்? என்னையா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனாவைத் திரும்ப வாங்கி ஒரே மூச்சில் எழுதினார்: 'உடம்புக்கு ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை. எழுத விஷயம் இல்லை, அவ்வளவுதான். நாலு வெள்ளி வரமாட்டேன். ஐந்தாம் வெள்ளி பத்து மணிக்கு வருவேன். நடுவில் என் பேரைச் சொல்லி எவனாவது வந்தால் விரட்டு.'

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆபீஸ் கிளம்புமுன் மகள் அனுப்பினாள். மனைவியின் போனிலும் விழுந்தது. சாயங்காலம் மகள் வந்து பார்த்தால், பதில்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஐயா, மறைக்காதீங்க. போனது யாரு?"

"ஒன்னும் இல்லேன்னு எவன் சொல்றானோ அவன் வீட்டுலதான் பைப் வெடிச்சிருக்கும்னு நீங்கதானே எழுதினீங்க. எந்த ஆஸ்பத்திரி?"

"எந்த பைப் கம்பெனிக்காரன் உங்க வாயை அடைச்சான்?"

ஒருவர் நேராக விஷயத்துக்கே வந்துவிட்டார்: "துணைவியார் காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன்."

"பாத்தீங்களா," என்றாள் மனைவி, கையில் கரண்டியோடு. "கடைசியில என்னைத்தான் கொன்னீங்க."

குழாய்க்காரர் மகளின் தோளுக்கு மேலாக எட்டி, அந்தப் பதிலைத் தானே ஒரு தடவை படித்தார். பொய் சொன்ன காலத்தில் ஊரே நம்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லி லீவு கேட்டால் ஒருத்தன் நம்பவில்லை. எவனையும் நம்பாதே என்று மூன்று வருஷமாகக் காதில் ஊதினாரே, நன்றாகத்தான் படித்திருக்கிறான்கள்.

"நோட்டை எடும்மா. இவனுங்களுக்கு ஒரு பதில் எழுதணும்."

"எழுதினா அது என்ன லீவுப்பா? இருங்க, இன்னொன்னு இருக்கு. தையல்கார அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க." படித்தாள். "ரொம்ப சந்தோஷம். உங்க கடிதம் அம்பத்தெட்டு படிக்காம கெடக்கு. தொறந்து பாக்கவே பயமா இருக்கு. நான் முடிக்கிற வரைக்கும் வராதீங்க. நாலு வாரம் எனக்குப் பத்தாது."

"அம்பத்தெட்டா!" முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "ஒரு வருஷத்துக்கு மேலடி! தொறந்துகூடப் பாக்கலையாம்!"

கொஞ்ச நேரம் உறுமினார். பிறகு, வாளியோடு நின்ற அந்த வரிசையை மறுபடி நினைத்துப் பார்த்தார். இந்த அம்மாளின் வாளி நிரம்பி வழிகிறது. பின்னால் இன்னும் எத்தனை பேர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான்களோ! சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வரும்வரை சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உடம்பு பழக்கதோஷத்தில் எழுந்தது. அதை அதட்டி உட்கார வைத்தார். எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். உள்ளே டொக், டொக்.

"ஏங்க, இன்னைக்குத்தான் எழுத்து இல்லையே. இந்தக் குழாய் ஒரு வருஷமா சொட்டுது, வந்து பாருங்க."

"லீவு."

"சொன்ன நாள்ல வராதவன் களவாணின்னு எழுதினது யாரு?"

"நான்தான். இந்தக் குழாய்க்கு நான் எப்போடி நாள் சொன்னேன்?"

சொட்டுக்குக் கீழே ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.