பெயரின் பின்பாதி

நாற்பத்தைந்து வயதில் பரீட்சை என்பது கொடுமை. அதுவும் ஊர் விட்டு ஊர் வந்து, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், சலாதிகா என்ற ஊரில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பில் எண்டாங் நின்றுகொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் தேர்வாளர் பாக் சூர்யோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைத்தால்தான் ஆங்கில ஆசிரியைக்கான தகுதிச் சான்றிதழ். இல்லையென்றால் மறுபடியும் தற்காலிக வேலை, பிச்சைக்காசுச் சம்பளம்.

எண்டாங் பலுபி என்ற முழுப்பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. பிள்ளைகளிடம் இபு எண்டாங் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அங்கே அம்மா, டீச்சர் என்றால் இபு; ஐயா, சார் என்றால் பாக்.

இந்தோனேசியச் சொற்கள் எப்படி உண்டாகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இந்த நாட்டில் எதையும் முழுசாகச் சொல்லும் பொறுமை ஒருவருக்கும் கிடையாது. இரண்டு சொல்லை நறுக்கி ஒட்டி, மூன்றாவதாக ஒன்றை ஊருக்குள் விட்டுவிடுவார்கள். கடைப் பலகை, சர்க்கார் திட்டம், பெற்ற பிள்ளை, எதுவும் தப்பாது. அப்பன் பெயரில் தலை, ஆத்தாள் பெயரில் வால். பிள்ளைக்குப் பெயர் தயார். பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டே ஆங்கிலச் சொற்களுக்கும் போய்விடலாம் என்பது எண்டாங்கின் கட்சி.

வகுப்பு களைகட்டியது.

"அப்பா ஹெரு, அம்மா தினி. நான் ஹெர்தினி!"

"யாரு பேரு முன்னாடி வர்றதுன்னு எங்க வீட்ல ஒரே சண்டையாம், இபு. அம்மா ஜெயிச்சுட்டாங்க!"

"உன்னப் பாத்தாலே தெரியுதுடா, அம்மா பிள்ளை!"

பாக் சூர்யோகூடச் சிரித்துவிட்டார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் குனிந்தே இருந்தாள்.

"நீ சொல்லும்மா."

எழுந்தாள். "மார்லுபி."

எண்டாங் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளும் அவள் புருஷன் மார்சுதியும், கல்யாணமான புதிதில், பொரித்த டெம்பே சோயாத் துண்டுகளைக் கொறித்தபடி சேர்ந்து செய்த பெயர். முன்பாதி அவனுடைய மார், பின்பாதி அவளுடைய பலுபியிலிருந்து லுபி. பிள்ளைதான் வரவில்லை. மாமியார் ஜாடை பேசினாள், டாக்டர் உதட்டைப் பிதுக்கினார், மார்சுதி தலையைக் குனிந்துகொண்டே விவாகரத்துக் கேட்டான். பிறகு விவிக் என்றொருத்தியைக் கட்டிக்கொண்டு கிழக்கே எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. போகும்போது ஒரு தட்டுமுட்டுச் சாமானைக்கூட எடுக்கவில்லை, நல்ல மனுஷன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். பெயரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், பாவி.

"முன்பாதி எங்கப்பா மார்சுதி" என்றாள் அந்தப் பெண். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"உங்கம்மா விவிக்தானே? அதுல லுபி எங்கடி இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"தம்பி பேரு மார்விக். அதுல அம்மா இருக்காங்க" என்றாள் அவள். உதடு துடித்தது. "என்னத் தத்தெடுத்துட்டு வந்தாங்களாம், இபு. எல்லாரும் சொல்றாங்க. அப்பாகிட்ட கேட்டா, கேக்க நல்லா இருந்துச்சு, வெச்சேங்கறாரு. அம்மாகிட்ட கேட்டா எந்திரிச்சு உள்ள போயிடறாங்க."

எண்டாங் கழுத்து அட்டையை மெல்லத் திருப்பிவிட்டாள். அது என் பெயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பாதிதான். எதிரே அந்தக் குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது. மார்சுதியின் மூக்கு, அப்படியே.

"அட, இதுக்கா அழுவாங்க? லுபிங்கறது பழைய ஜாவா வார்த்தைம்மா. ரொம்ப நாள் ஏங்கிக் காத்திருந்து கிடைச்சவன்னு அர்த்தம். முதல் பிள்ளைக்குத்தான் வைப்பாங்க. உன் தம்பி ஆசைப்பட்டாலும் கிடைக்காது."

"எங்கம்மா எனக்காகக் காத்துட்டு இருந்தாங்களா?"

எண்டாங் தலையசைத்தாள். "ஆமா. உங்கம்மாதான். அவ்வளவு ஆசையா."

மணியடித்ததும் பாக் சூர்யோ அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"நானும் ஜாவாக்காரன்தான், இபு. எந்த அகராதியில இருக்கு அந்தச் சொல்?"

"எதுலயும் இல்ல, பாக்."

"அப்போ சும்மா அடிச்சு விட்டீங்க. சொல்லாராய்ச்சி பண்றவங்களே பிள்ளைங்களுக்கு இல்லாத சொல்லைக் கத்துக்கொடுக்கலாமா? மத்ததெல்லாம் பிரமாதம். ஆனா மனசாட்சிப்படி நான் பாஸ் போட முடியாது. அடுத்த வருஷம் வாங்க."

ஒரே ஒரு நிமிஷம் பேசியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அதற்குள் மார்லுபி ஓடி வந்து எண்டாங்கின் கையைப் பிடித்து, பிள்ளைகள் விடைபெறும் வழக்கப்படி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நெற்றி கதகதப்பாக இருந்தது.

"வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லப் போறேன், இபு!"

"சொல்லும்மா."

பாக் சூர்யோ பேனாவைத் திறந்தார். "மறுதேர்வுக்கு எழுதணும். அட்டை திரும்பியிருக்கு பாருங்க. முழுப்பேர் என்ன?"

சிறுமி கையை இன்னும் விடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்டாங்."

"அப்புறம்?"

எண்டாங் அட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதான், பாக். எனக்கு ஒத்தப் பேருதான்."