டி டிரைவ்

கனிஷ்கா மவுஸை ஒரு முறை ஆட்டிவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். அண்ணன் சபரீஷைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியருகே ஏழெட்டு நிமிடம் உட்கார்வாள். போனில் மணி பார்ப்பாள். எழுந்து மறுபடி அவன் அறைக்கு ஓடுவாள். மத்தியானத்திலிருந்து இதே ஓட்டம்தான். சோமனூரில் பாதித் தெரு அந்தக் கூடத்தில் இருந்தது, அத்தனை கண்ணும் அவள் முதுகில் இருந்தது.

"ஏன் அம்மணி, கூடப்பொறந்தவன் போயி அஞ்சு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள உனக்குக் கம்ப்யூட்டர் கேக்குதா?" என்றாள் சின்னாத்தாள் அத்தை. மெல்லப் பேசும் வழக்கம் அத்தைக்கு என்றுமே கிடையாது.

"வேலை இருக்குங்கத்தே."

"எழவு ஊட்டுல என்ன பொல்லாத வேலை!"

அத்தைக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போன சபரீஷ் சமையலறையிலேயே சரிந்துவிட்டான். இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஃப்ளெக்ஸ் அடிக்கப் போட்டோ தேடி அவன் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. புது கேம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்ததால்தான் அது விழித்திருந்தது. இறங்கி முடிந்தால் பத்தே நிமிடத்தில் தூங்கிவிடும். எழுப்பினால் பாஸ்வேர்டு கேட்கும். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பத்து நிமிடம் அப்பா போட்ட சட்டம். தம்பிதுரை இருபது தறி ஓட்டுகிறவர். ஆளில்லாமல் ஓடும் எதையும் அவரால் பொறுக்க முடியாது. "கை வெக்காத மிசினு பத்து நிமிசத்துல நிக்கோணும்" என்று பக்கத்தில் நின்று செட்டிங்கை மாற்ற வைத்தார். பூட்டும் அவருடைய கைங்கரியம்தான். போன தீபாவளிக்கு ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்து, "கேம் கீமெல்லாம் அழிச்சுப்போடுங்க" என்றார். மறுநாள் சபரீஷ் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினான், டி டிரைவைத் தனியாக இன்னொரு பூட்டுப் போட்டுப் பூட்டினான். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது.

அந்த டி டிரைவில் 'ஊடு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். நாலு பேர் போனிலும் இடம் தீரத் தீர, படங்களையும் வீடியோக்களையும் அதில் ஏற்றிவிட்டுப் போனைக் காலிசெய்து கொடுப்பது அவன்தான். அவன் பேசி, சிரித்து, அம்மாவை வம்புக்கிழுத்தது எல்லாம் இப்போது அங்கே மட்டும்தான் இருந்தது. அவசரத்துக்குத் திரையிலிருந்த ஒரு படத்தைத் தன் போனில் பிடித்து ஃப்ளெக்ஸுக்கு அனுப்பியிருந்தாள். வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் அண்ணன் கன்னத்தின் மேல் மவுஸ் அம்பும் சேர்ந்தே அச்சாகியிருந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கனிஷ்கா போன் போட்டு வரச்சொன்ன சாஹில் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். கோவையில் கடை வைத்திருப்பவர். சபரீஷுக்கு இந்தக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவர். அவனுக்கு மாலை போட்டுவிட்டு நேராக அறைக்கு வந்தார்.

"முதல்ல இது தூங்காம இருக்கற மாதிரி மாத்திட்டேங்க. இனி நீங்க மவுஸை ஆட்ட வேண்டாம்," என்றார். கொண்டுவந்த ஹார்டு டிஸ்கைச் சொருகினார். "எங்கெங்க என்ன வெச்சிருக்காருன்னு நமக்குத் தெரியாதுங்க. ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. மொத்த டிரைவையும் காப்பி போட்டுட்டேன். ரெண்டரை மணி நேரம் ஆகும். யூ.பி.எஸ். இருக்குதுங்களா?"

"பேட்டரி போயி ஒரு வருசமாச்சுங்க. அப்பா வேண்டாம்னுட்டாங்க."

"கரண்ட் போகாம இருந்தாச் சரி."

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. கனிஷ்கா கூடத்துக்கு வந்து, அன்றைக்கு முதன்முறையாக மணி பார்க்காமல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

நாலரைக்கு எடுத்தார்கள். பெட்டியிலிருந்து தூக்கிப் பாடையில் வைத்ததும் யாரோ, "ஐஸ் பொட்டிய அணைச்சிருங்க" என்றார்கள். தம்பிதுரை நடையிலிருந்த போர்டு பக்கம் போனார். கண் பாடையில் இருந்தது. முப்பது வருடமாகத் தறிக்குடோனைச் சாத்தும்போது போகிற கை, அதே பழக்கத்தில் மேலே போய் மெயினையே இறக்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"அப்பா!" என்று கத்தினாள் கனிஷ்கா.

எல்லாருக்கும் அது அழுகையாகத்தான் கேட்டது. அத்தை அவளை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "அழுவு கண்ணு, நல்லா அழுவு" என்று ஒப்பாரியைத் தொடர்ந்தாள். கனிஷ்கா திமிறி விடுபட்டு மெயினை மேலே தள்ளிவிட்டு அறைக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் விசிறி சுற்ற, விளக்குகள் எரிய, முதலிலிருந்து கிளம்பி வந்து பாஸ்வேர்டு கேட்டது. அவன் பிறந்த நாளைப் போட்டாள். பைக் நம்பரைப் போட்டாள். அம்மா பெயரையும் போட்டுப் பார்த்தாள். பின்னாலேயே வந்து நின்ற அம்மா மயிலாத்தாளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மெயினை இறக்கியதை அவளும் பார்த்திருந்தாள். வீடு கழுவப் போனாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோதும் கழுவி முடியவில்லை. சாஹில் ஹார்டு டிஸ்கைத் தன் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஃபோல்டர் பேரு வரிசையிலதாங்க ஏறும். கேம்ஸுக்கு ஜி, அது முன்னால வந்துருச்சு. ஊடுக்கு ஓ, அது வர்றதுக்குள்ள நின்னுபோச்சு."

"அப்ப என்னதான் இருக்குது?" என்றார் தம்பிதுரை, ஈர வேட்டியோடு.

"கேம் மட்டுந்தாங்க."

"என்ற பையன் போட்டோ?"

சாஹில் இல்லையென்று தலையை ஆட்டினார். "நடுவுல கரண்ட் போயிருக்குங்க."

"கரண்டு எங்கீங்க போச்சு? போற வழியெல்லாம் தறி ஓடிட்டுத்தான இருந்துச்சு!" தம்பிதுரையின் குரல் ஏறியது. கூடத்தில் இருந்த பெண்களைச் சுற்றிப் பார்த்தார். "ஆரு மெயின எறக்குனது? அறிவிருக்கா? ஆரு?"

கனிஷ்காவின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. பத்து நிமிடச் சட்டம், தீபாவளிக் கடைக்காரர், வாங்காத பேட்டரி என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் முகத்தில் வீச வேண்டும்போல் வெறுப்பாக இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"நாந்தாங்க," என்றாள் மயிலாத்தாள். "தண்ணி ஊத்தறமே, சாக் அடிச்சுரும்னு எறக்குனங்க."

தம்பிதுரை ஒரு கணம் மனைவியையே பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார். "பெத்தவளா நீ? இருவத்தாறு வருசத்த ஒரு நிமிசத்துல அழிச்சுப்போட்டியே! ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலியா உனக்கு?" சின்னாத்தாள் அத்தையும் தன் பங்குக்கு, "அறிவுகெட்டவ" என்றாள். மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அது புதிதில்லை. அதுதான் கனிஷ்காவுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

"அம்மா, நீ எதுக்கு..."

மயிலாத்தாள் கையிலிருந்த விளக்குமாற்றை மகளிடம் நீட்டினாள். "அந்த மூலையில தண்ணி நிக்குது பாரு அம்மணி. தள்ளியுடு."

கனிஷ்கா வாங்கிக்கொண்டு தள்ளினாள். தண்ணீர் அப்பாவின் பாதங்களை நனைத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டிப் போயிற்று. அவர் காலை எடுக்கவில்லை.