மீதிப் புழு

...இல்லை, விடப்போவதில்லை, லியாவ் வரட்டும், கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தபடியே கோ ஷூச்சின் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். மதியத் தூக்க நேரம், மூன்றாம் வகுப்பு முழுவதும் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது, சோற்று வாளியைக் கழுவி வைத்தும் சோயாக் கறி வாசனை போகவில்லை... மணி அடித்ததும் கணக்குப் பாடம், பாடப்பிரிவுத் தலைவர் லியாவ் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் கணக்கிலும் அறிவியலிலும் பிள்ளைகள் எழுதுவது தொடரும், இல்லாவிட்டால் எழுத்து மொழிப்பாடத்தோடு சரி. காலையில் படிக்கட்டில் மடக்கினாரே, "கோ டீச்சர், கணக்கு வகுப்புல கதை எழுதச் சொல்றீங்களாமே? பெத்தவங்க குரூப்ல ஒரே ரகளை. அடுத்து என்ன, விளையாட்டு பீரியட்ல கவிதையா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அந்தச் சிரிப்புதான் எரிச்சல். கதை இல்லை ஐயா, விடையை யாரும் பக்கத்தில் பார்த்து எழுதிவிடலாம், அது ஏன் விடை என்று எழுதும்போதுதானே புரிந்ததா இல்லையா என்று தெரியும்... இதெல்லாம் படி இறங்கிய பிறகுதான் வாயில் வந்தது, அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

கேள்வி சின்னதுதான். வகுப்பில் வளரும் இருபத்தாறு பட்டுப்புழுக்களை ஐந்து பெட்டிகளில் சமமாக வைத்தால் ஒன்று மீதி, ஏன்? செங்ஹான் என்ன எழுதியிருக்கிறான்... 'பகிர்ந்து வாழ வேண்டும் என்பதை இந்தக் கணக்கு எனக்குக் கற்பித்தது.' கட்டுரை டியூஷனின் வேலை, எதை எழுதினாலும் கடைசியில் ஒரு நல்லுரை வைத்தால்தான் மதிப்பெண் என்று தலையில் ஏற்றிவிட்டார்கள், அறிவியலில் ஊற வைத்த பயறு அழுகியதற்குக்கூட 'மனம் தளரக் கூடாது' என்று எழுதினவன் அல்லவா இவன். அன்றைக்குச் சிரித்தாள், இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கோடு போட்டு அடித்தாள், 'பார்த்ததை எழுது' என்று பக்கத்தில் எழுதினாள், மூன்று மாதமாக இதே கோடு, இதே வரி, கை ஓய்ந்தாலும் பரவாயில்லை, அடித்துக்கொண்டே இருப்பேன்.

அடுத்த தாள் யுன்ஷியுடையது. ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளே, அவள்தான், இந்தப் பருவம் முழுக்க வெற்றுத் தாளையே நீட்டியவள். வெற்றாகத்தான் இருக்கும் என்று எடுத்தால்... 'பெட்டிக்கு ஐந்து போட்டோம். ஒன்று வெளியே இருந்தது. இன்னும் நாலு இருந்தால் எல்லாப் பெட்டிக்கும் ஒன்று ஒன்று போகும். நாலு இல்லை. அதனால் அதை நான் வீட்டுக்குக் கொண்டு போனேன். ராத்திரி இலை தின்கிற சத்தம் கேட்டது.' அவ்வளவுதான். இன்னும் நாலு இருந்தால்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இவளாகக் கண்டது, லியாவ் அவர்களே, இதோ உங்கள் கணக்கு! கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில் பேனா தானாக ஓடியது, ஓடி முடிந்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று படித்தாள். 'எல்லா உயிரிடமும் அன்பு காட்ட வேண்டும் என்பதை உணர்த்திவிட்டாய்!'

ஐயோ. இது செங்ஹானின் வரி. சொல்தான் வேறு. அந்தப் பெண் அன்பு என்று எங்கே எழுதினாள்? இத்தனை பிள்ளைகளின் தாளில் கோடு போட்டு அடித்து அடித்து எடுத்ததை நானே கொண்டுபோய் அவள் தாளில் ஒட்டிவிட்டேனே... இன்னும் எத்தனை தாளில் இப்படி எழுதினேன், யார் பார்த்தார்கள்?

மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன, லியாவ் கதவருகே செருமிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்பு பதிந்திருக்க யுன்ஷி எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், நான் அப்படி எழுதலையே?"

"இல்லடா. அது நான் எழுதினது."

"அழிச்சிடவா?"

"வேணாம், எல்லாருக்கும் காட்டணும்."

லியாவ் பார்க்கிறார், பார்க்கட்டும், இதைத்தான் பார்க்க வேண்டும். ஷூச்சின் யுன்ஷியின் வரிகளைக் கரும்பலகையில் எழுதினாள், கீழே தன் வரியையும் எழுதினாள், பிறகு தன் வரியின்மேல் கோடு போட்டு அடித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. செங்ஹான்தான் கத்தினான், "டீச்சர், பார்த்ததை எழுதுங்க!" எழுதலாம்தான். சுண்ணாம்புக்கட்டி பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது... யுன்ஷியின் தாளில் நான் என்னதான் பார்த்தேன்?