அரை விரல் மிதப்பு

சிங்கப்பூர் தேக்காவில், பஃபலோ ரோடு அடுக்குமாடி வீட்டுக்கு ஆம்ப்ரோஸ் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இருந்த ஒரே படுக்கையறையில் மாமியார் பிலோமினம்மாளும் பெட்டி என்று பெயர்கொண்ட மனைவியும் படுத்தார்கள், இவனுக்குக் கூடம். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள இவனுக்கென்று வாய்த்தது குளியலறை ஒன்றுதான். அங்கேயும் யாராவது கதவைத் தட்டும்வரைதான் மூச்சுவிடலாம்.

தான் செய்த, ரேடியோ ரிமோட்டில் ஓடும் பொம்மை நீர்மூழ்கிக் கப்பலை அந்தக் குளியலறைத் தொட்டியில்தான் மிதக்கவிட்டுப் பார்த்தான். தூண்டில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே ஒட்டி, கோபுரம் மட்டும் அரை விரல் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி எடைகட்டினான். ஓடும்போது பக்கத் துடுப்புகள் அதை அமிழ்த்தும். மோட்டாரை நிறுத்தினால் தானே மேலே வந்துவிடும். வித்தை முழுக்க அந்த அரை விரலில் இருந்தது. எடை கொஞ்சம் கூடினாலும் கதை கந்தல்.

ஜூரோங் பொம்மை ஆலை ஒன்றில் மாதிரிகள் செய்ய ஆள் தேடிய மிஸ்டர் லிம், ஞாயிற்றுக்கிழமை தோபாயோ குளத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வேலையோடு வீடும் உண்டு. சின்ன வீடுதான், ஆனால் சாவி ஆம்ப்ரோஸின் சட்டைப்பையில் இருக்கும். அதை நினைத்தே ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு காலை புது பேட்டரி போட்டான். மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கிரீஸ் தேடி அடுக்களைக்குப் போய்வந்து, அவசரமாகத் திருகி மூடினான். கடைசியாக ஒருமுறை தொட்டியில் விட்டுப் பார்க்கலாமென்றால் மாமியார் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நேரமாச்சு!"

"பூசைக்குப் போகணும்லா மாப்பிள்ளை. தலைக்கு ஊத்திட்டேன், இருங்க!"

தலைக்கு ஊற்றிவிட்டால் அந்த அம்மாள் லேசில் வெளியே வராது. நேற்றுச் சரியாகத்தானே நின்றது என்று கிளம்பிவிட்டான்.

மோட்டாரை முடுக்கிக் கையாலேயே குளத்தில் தள்ளிவிட்டான். கப்பல் அழகாக ஓடி, அழகாக முங்கியது. லிம் தலையாட்டினார். ஆம்ப்ரோஸ் மோட்டாரை நிறுத்தினான்.

ஒன்றும் மேலே வரவில்லை.

நின்று நின்று பார்த்த லிம், "முங்குறதுக்கு ஒரு கல்லு போதுமே" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் காலால் துழாவிக் கப்பலை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தான். மூக்குப் பக்கம், ஈயக் குண்டுகளுக்கு நடுவே, கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளை அந்தோனியார் சுரூபம்.

ஆத்திரம் தலைக்கேறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் மாமியார் வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"முங்கிப்போச்சு. சேத்துல தேடி எடுத்தேன்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! காணாமப் போனதை அந்தோனியார் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு. நான்தான் உள்ள வெச்சேன். நீங்களும் பெட்டியும் தனியாப் போய் நல்லா இருக்கணும்னு செவ்வாய்க்கிழமை தவறாம ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கேன்."

ஆம்ப்ரோஸுக்குத் திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லாமல் போய்விட்டது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதான்.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. அடுத்த தடவை பெரிய சுரூபமா வெச்சுருவோம்லா."